அண்ணன் வந்து சேனை வைக்கும் வரை

மாயாபந்தர்
11.2.2024

நளினிக்கு அக்கா விசாலாட்சி எழுதுவது.

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். கவலைப்படுகிற வேலையை எல்லாம் மற்றவர்களிடம் தள்ளிவிட்டவளுக்கு உடம்பில் என்ன வந்துவிடப் போகிறது. உன் வீட்டுக்காரரின் முழங்கால் வலியை விசாரித்ததாகச் சொல்.

போனில் நான் சொல்வதைப் பாதி கேட்டதும், "டவர் இல்லக்கா" என்று வைத்துவிடுகிறாய். போர்ட் பிளேயரில், ஷாதிபூர் நடுவில் உட்கார்ந்திருக்கிற உனக்கு டவர் இல்லை, காட்டைத் தாண்டி இருக்கிற எனக்கு இருக்கிறது. அதனால் இனிமேல் கடிதம்தான். பஸ் கண்டக்டர் முனியாண்டியிடம் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது.

விஷயம் உன் மருமகள். உன் மகன் அருண்பிரசாத் இங்கே டெபுடேஷனில் இருந்த மாதம் முழுக்க சுதா என்னோடுதான் தங்கினாள். எங்கள் பிரசவ வார்டிலேயே அவளுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தேன். சர்க்கரை இருக்கிறது. கர்ப்பத்தோடு வருகிற சர்க்கரை, பிரசவத்தோடு பெரும்பாலும் போய்விடும். அதுவரை வாயைக் கட்ட வேண்டும். இனிப்பு கூடாது, சோறு அளவாக, தினமும் கொஞ்சம் நடை. இதற்கு அறிவு தேவையில்லை, சொன்னதைச் செய்தால் போதும். அதனால்தான் உன்னிடம் சொல்கிறேன்.

பெண் நல்ல பெண். நான் குரலை உயர்த்தினால் மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள். இந்த வாரம் உன்னிடம் திரும்பி வருகிறாள். ரவா லட்டோடு கப்பல் அணைகிற ஜெட்டிக்கு வந்து நிற்காதே.

இப்படிக்கு,
ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் பார்த்துவிட்டு உன் வீட்டுப் பிள்ளைக்குக் கெஞ்சிக்கொண்டிருக்கும்
விசாலாட்சி


ஷாதிபூர்
24.2.2024

அன்புள்ள அக்காவுக்கு நளினி வணங்கி எழுதுவது.

முருகன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதுவதில்லை. எழுதுவதெல்லாம் ஆர்டர். இருந்தாலும் நன்றாக இருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் ஆஸ்பத்திரி மெஷின் ஏதோ சொன்னது என்று வாயும் வயிறுமாக இருக்கிற பெண்ணை நான் பட்டினி போடுவதா? மூன்று பெற்றவள் நான். பெற்றவளுக்குத் தெரியாதது கையுறை மாட்டினவளுக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது. கோபித்துக்கொள்ளாதே, உள்ளதைச் சொன்னேன்.

சுதா தோட்டத்துப் பிள்ளை. அவள் சனம் சிலோனிலிருந்து வந்து கச்சல் தீவில் ரப்பர் மரம் கீறிப் பிழைக்கிற சனம். அவள் அம்மா சொர்ணம்மா கப்பல் ஏறி வந்து தலைப்பிரசவம் பார்க்கவா போகிறாள்? பெண்ணைப் பெற்றவர்கள் செய்ய வேண்டியதையும் நான்தான் செய்கிறேன், முகம் சுளிக்காமல் செய்கிறேன்.

ஒரு நல்ல சேதி. பிள்ளைக்குச் சேனை வைக்க நம் சிவஞானம் அண்ணன் ஒப்புக்கொண்டுவிட்டார். மானாமதுரையில் நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாததல்ல. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கிறவரின் குணம்தான் பிள்ளைக்கு வரும். அதற்கு முன்னால் வேறெதுவும் உள்ளே போகக்கூடாது. பாம்பூஃப்ளாட்டில் இரண்டு மாடி வீடு, கோயில் கமிட்டித் தலைவர், எத்தனை கான்ட்ராக்ட். அவர் கை பட்டால் என் பேரன் எங்கேயோ போய்விடுவான்.

உன் ஆசீர்வாதத்தை எதிர்பார்க்கும்,
நளினி


மாயாபந்தர்
3.3.2024

நளினிக்கு,

நலம்தான். நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

அண்ணன் குணம் உன் பேரனுக்கு வர வேண்டும் என்று படித்ததும் டியூட்டி ரூமில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். எந்தக் குணம் என்று சொன்னால் நானும் சேர்ந்து வேண்டிக்கொள்வேன். அண்ணி தலைப்பிரசவத்தில் படுத்திருந்தபோது மூன்றாம் நாள் வந்து, பெண் பிள்ளை என்றதும் வாசலோடு திரும்பினாரே, அந்தக் குணமா? அம்மா படுக்கையில் கிடந்த வருஷம் முழுக்கத் தனக்கு மட்டும் கப்பல் டிக்கெட் கிடைக்கவில்லை என்றாரே, அந்தக் குணமா? எங்கள் வார்டுக் கூரை அவர் போட்டது. மழைக்காலத்தில் கையில் பிள்ளையை வாங்கிக்கொண்டு காலால் வாளியை நகர்த்துகிறேன். ஒழுகுகிற இடத்தை எல்லாம் ஆயா மனப்பாடமாகச் சொல்வாள். அந்த மனுஷன் சர்க்கரைத் தண்ணீரில் விரலை விட்டுப் பிள்ளை வாயில் வைக்கப்போகிறார். நீ தாம்பாளம் ஏந்திக்கொண்டு நிற்பாய். நல்ல குடும்பம்.

பிறந்த பிள்ளைக்குத் தாய்ப்பால்தான் முதலில். தேன், சர்க்கரை, சங்கு எதுவும் வேண்டாம். முதலில் வருகிற சீம்பால் மஞ்சளாகக் கொஞ்சம்தான் வரும், அதைப் பீய்ச்சிக் கீழே ஊற்றிவிடாதே. இங்கே வலி வந்ததும் ஊரைக் கூட்டுகிற பெண்களை ஓர் அதட்டில் அடக்கிவிடுகிறேன். உன்னைத்தான் அடக்க முடியவில்லை.

சுதாவின் சர்க்கரை என்ன ஆயிற்று? மூன்று பக்கக் கடிதத்தில் அதைக் காணோம்.

விசாலாட்சி


ஷாதிபூர்
30.3.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டும்.

வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. ஷாதிபூரே திரண்டு வந்தது. நீ வரவில்லை, டியூட்டி என்று முனியாண்டியிடம் சொல்லி அனுப்பிவிட்டாய். வந்தவர்கள் எல்லாம் வளையல் கொண்டுவந்தார்கள். நீ சர்க்கரை பார்க்கிற மெஷின் கொடுத்தனுப்பியிருந்தாய். அதைத் தாம்பாளத்தில் வைக்கவா, மறைக்கவா என்று தெரியாமல் முழித்தேன். அண்ணன்தான் கையில் எடுத்துப் பார்த்து, "இதையும் கையில மாட்டி விடுங்க" என்றார். அத்தனை பேரும் சிரித்தார்கள். சுதா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு வேடிக்கை புரிவதில்லை. மெஷின் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

பெரிய ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் இவளைக் கொண்டுபோய் நிறுத்த மனசு வரவில்லை. அண்ணனுக்குத் தெரிந்தவர் நடத்துகிற நர்சிங் ஹோமில் பிரசவத்துக்குப் பதிந்திருக்கிறோம். ஏசி அறை, தனிக் கட்டில். அங்கே இந்தச் சர்க்கரைக் கதையை நான் சொல்லவில்லை. சொன்னால் உடனே கத்தியைத் தூக்குவார்கள். வயிறு நல்ல பெரிய வயிறு. பிள்ளை பெரிதாக வளர்ந்திருக்கிறது என்று டாக்டரே சொன்னார். பட்டினி போட்டிருந்தால் இப்படி வளருமா?

இப்படிக்கு,
நளினி


மாயாபந்தர்
8.4.2024

நளினிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

பிள்ளை பெரிதாக இருப்பதற்கு நீ ஊட்டிய நெய்ச்சோறு காரணமில்லை, அவள் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரைதான் காரணம். இதை மூன்று பெற்றவளுக்கு ஆரம்பப் பள்ளிக்கூடப் பாடம் மாதிரி சொல்ல வேண்டியிருக்கிறது. கேள். அம்மாவின் சர்க்கரையிலேயே வயிற்றுக்குள் வளர்ந்த பிள்ளைக்குக் கொடி அறுத்ததும் அந்த வரத்து நின்றுபோகும். அதன் உடம்போ பழைய கணக்கிலேயே சர்க்கரையைக் கரைத்துக்கொண்டிருக்கும். முதல் மணி நேரத்துக்குள் பால் கொடுக்க வேண்டும். அப்புறம் விடாமல் கொடுக்க வேண்டும், குதிகாலில் குத்தி ரத்தம் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை துவண்டுவிடும். மூளையைத் தாக்கும். உயிரே போகும்.

ஆகவே, உன் கௌரவத்தைக் கழற்றி வைத்துவிட்டு நர்சிங் ஹோமில் போய்ச் சர்க்கரை இருக்கிறது என்று சொல். உனக்கு வெட்கமாக இருந்தால் சுதாவைச் சொல்லச் சொல். அவளுக்கு வாய் என்று ஒன்று இருந்தால்.

விசாலாட்சி


மாயாபந்தர்
19.5.2024

நளினிக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாகிறது, பதில் இல்லை. முனியாண்டியிடம் கேட்டேன். கடிதத்தை உன் கையில்தான் கொடுத்தானாம், நீ அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாயாம். படித்தாயா என்று அவனால் சொல்ல முடியவில்லை. போனும் அடித்துக்கொண்டே இருக்கிறது, நீ எடுப்பதில்லை.

நாள் நெருங்கிவிட்டது. எனக்கு லீவு கிடைக்கவில்லை, இங்கே இரண்டு சிஸ்டர்கள் மெயின்லேண்ட் போயிருக்கிறார்கள். என் நம்பர் சுதாவிடம் இருக்கிறது. எந்த நேரமானாலும் கூப்பிடச் சொல். இதையாவது சொல்வாயா, அல்லது இதற்கும் அண்ணன் உத்தரவு வேண்டுமா?

விசாலாட்சி


ஷாதிபூர்
10.6.2024

அன்புள்ள அக்காவுக்கு நளினி எழுதுவது. கடவுள் கிருபையில் இங்கே அனைவரும் நலம்.

ஆண் பிள்ளை. நாலு கிலோவுக்கு மேல். சுகப்பிரசவம். நர்சிங் ஹோமில் இருந்த எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நிறம் அருண், மூக்கு நம் அப்பா மூக்கு.

அண்ணன் அன்றைக்கு ஹட்பேயில் ஜெட்டி வேலையாகப் போயிருந்தார். கடல் சரியில்லை என்று கப்பலை நிறுத்திவிட்டார்கள். மறுநாள் மத்தியானம்தான் வந்து சேர முடிந்தது. வந்த கையோடு குளித்து, வெள்ளிச் சங்கில் சேனை வைத்தார். பிள்ளை அத்தனை சமர்த்து அக்கா. அதுவரைக்கும் அழவே இல்லை, தூங்கிக்கொண்டே இருந்தான். தன்னை மாதிரியே பொறுமைசாலி என்று அண்ணன்கூடச் சொன்னார்.

இப்போது கொஞ்சம் களைப்பாக இருக்கிறான் என்று பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். சும்மா பார்த்துக்கொள்ளத்தான். வேறொன்றுமில்லை. நீ லீவு போட்டு அலைய வேண்டாம். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

நளினி


மாயாபந்தர்
14.6.2024

நளினிக்கு,

சமர்த்து இல்லை. சர்க்கரை இறங்கின பிள்ளை அப்படித்தான் தூங்கும்.

பெரிய ஆஸ்பத்திரியில் என்னோடு படித்த உமா மகேஸ்வரி இருக்கிறாள். கூப்பிட்டுக் கேட்டேன். பிள்ளைக்கு வலிப்பு வந்த பிறகுதான் நீங்கள் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறீர்கள். உன் கடிதத்தில் அதற்குக் களைப்பு என்று பேர். பிறந்த பிள்ளையை ஒரு பகலும் ஓர் இரவும் வெறும் வயிற்றோடு போட்டுவிட்டு, ஒரு கான்ட்ராக்டரின் விரலுக்காகக் காத்திருந்திருக்கிறாய். நான் எழுதியதைப் படித்திருந்தும் காத்திருந்தாயா, படிக்காமலே காத்திருந்தாயா என்று எனக்குத் தெரிய வேண்டாம். இரண்டில் எது மேல் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அந்த நர்சிங் ஹோமில் பால் கொடுத்தாயா என்று யாருமே கேட்கவில்லையா? கேட்டிருப்பார்கள். நீ பொய் சொல்லியிருப்பாய்.

உன்னை விடு, உன்னை எனக்குச் சின்ன வயசிலிருந்து தெரியும். அந்தப் பெண்ணுக்கு என்ன கேடு? என் நம்பர் அவளிடம் இருந்தது. ஒரு போன். பெற்ற பிள்ளை துவண்டு கிடக்கும்போது மாமியார் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தவளைத் தாய் என்று எப்படிச் சொல்வது? வாயில்லாத முட்டாள். இதை அவளிடம் காட்டு.

விசாலாட்சி


ஷாதிபூர்
1.7.2024

அக்காவுக்கு,

பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டான். வலிப்பு நின்றுவிட்டது. மாத்திரை கொடுக்கிறோம். மாதாமாதம் காட்ட வேண்டுமாம். தலை நிற்கிறதா, உட்காருகிறானா, நடக்கிறானா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். இப்போது எதையும் சொல்ல மாட்டேன் என்கிறார்.

அண்ணன் அதற்குப் பிறகு வரவில்லை. கண் திருஷ்டி என்று சொல்லியனுப்பினார். சாத்தம் ஜெட்டியில் ஃபெர்ரிக்கு நின்றவரை நானே போய்ப் பிடித்தேன். கோயில் மீட்டிங் என்று ஏறிப் போய்விட்டார்.

பெட்டியில் இருந்த நாட்களில் பாட்டிலில் பழகிவிட்டான். மார்பில் வைத்தால் முகத்தைத் திருப்பி அழுகிறான். சுதாவுக்குப் பாலும் வற்றிக்கொண்டு வருகிறது. தாய்ப்பால் ரொம்ப அவசியம் என்று டாக்டர் சொல்கிறார். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. உனக்கு இதெல்லாம் தெரியும். வா. திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

உன் போன கடிதத்தை அருண் அவளுக்குப் படித்துக்காட்டிவிட்டான். நான் காட்ட வேண்டாம் என்றுதான் இருந்தேன். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நளினி


ஷாதிபூர்
9.7.2024

மதிப்பிற்குரிய பெரியத்தைக்கு சுதா எழுதிக்கொள்வது. நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

அத்தை உங்களை வரச்சொல்லி எழுதியது எனக்குத் தெரியும். நீங்கள் வர வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் எழுதியதெல்லாம் சரி. நர்சிங் ஹோமில் சிஸ்டர் வந்து, "தூத் பிலாயா?" என்று கேட்டார். பால் கொடுத்தாயா என்று. நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை, "பிலாயா, பிலாயா" என்று தலையாட்டிவிட்டார். நான் இல்லை என்று சொல்லவில்லை. அது என் தப்பு. சாகும்வரைக்கும் என் தப்பு. அதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

போன் என் தலையணைக்கு அடியில்தான் இருந்தது. பிள்ளையின் கை துணி மாதிரி தொங்கியதை முதலில் பார்த்தவள் நான். உங்கள் பேரை எடுத்தேன். அமுக்கவில்லை. ஏன் என்று கேட்டிருந்தீர்கள்.

மாயாபந்தரில் உங்களுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவருவேன். ஒரு நாள் ராஞ்சிப் பெண் ஒருத்தி வலியில் கத்திக்கொண்டிருந்தாள். நீங்கள் அவளிடம் இந்தியில் ஏதோ சொன்னீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "புருஷன்கிட்டப் போறப்ப இனிச்சுதுல்ல, இப்ப என்ன கத்தல்னு கேட்டேன்" என்றீர்கள். ஆயா சிரித்தார். அந்தப் பெண் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சத்தத்தை நிறுத்தினாள். பிள்ளைக்குக் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது, நீங்கள்தான் காப்பாற்றினீர்கள். அதையும் நான் பார்த்தேன். உங்களைப் போலக் கை யாருக்கும் வராது. ஆனால் எனக்கு அந்த முந்தானைதான் மறக்கவில்லை. எனக்கு வலி வந்தபோது நானும் அதைத்தான் செய்தேன், அங்கே என்னை யாரும் அதட்டாமலே.

போன் செய்தால் முதலில் என்னை முட்டாள் என்பீர்கள். பிறகுதான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வீர்கள். அந்த முதல் பாதியைக் கேட்கிற தெம்பு அன்றைக்கு எனக்கு இல்லை. சிவஞானம் மாமா வரட்டும், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துப் போனை வைத்துவிட்டேன்.

அத்தைக்கு நான் தோட்டத்துப் பிள்ளை. உங்களுக்கு நான் வாயில்லாதவள். பிள்ளை முகத்தைத் திருப்பும்போது எனக்கு நெஞ்சு வெடித்துவிடும் போல் இருக்கிறது. அந்த நேரத்தில் இரண்டு பேர் என் தலைமாட்டில் நின்றால் தாங்க மாட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுதா


மாயாபந்தர்
17.7.2024

சுதாவுக்கு விசாலாட்சி எழுதுவது.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? தையல் ஆறிவிட்டதா? தூங்குகிறாயா? பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் உன்னைக் கேட்டிருக்க மாட்டார்கள், அதனால் கேட்கிறேன்.

பாட்டிலை எடுத்துவிட்டுப் பாலாடையில் புகட்டு. பாட்டில் சுலபமாக வருகிறது, அதனால்தான் மார்பில் வைத்ததும் அழுகிறான். அவனுக்கு உன்மேல் கோபம் எதுவும் இல்லை. மேல்துணி இல்லாமல் அவனை உன் நெஞ்சில் படுக்க வைத்துக்கொள், உன் தோலும் அவன் தோலும் படும்படி. அறைக் கதவைச் சாத்திக்கொள். யாரையும் உள்ளே விடாதே. பசியில் அழ ஆரம்பித்த பிறகு மார்பில் வைத்தால் பிடிக்க மாட்டான். தூக்கம் கலைந்து உதட்டைச் சப்பும்போதே வைத்துப் பார். பிடிக்காவிட்டால் வற்புறுத்தாதே, அப்படியே கிடக்கட்டும். ஒவ்வொரு தடவைக்குப் பிறகும் கையால் பீய்ச்சி எடுத்து அதைப் பாலாடையில் கொடு. எடுக்க எடுக்கத்தான் ஊறும். முதலில் சொட்டாகத்தான் வரும். பெரும்பாலும் திரும்பி வரும். வராவிட்டாலும் பிள்ளை வளர்வான், நீ தோற்றதாக ஆகாது.

மாத்திரையைத் தவறவிடாதே. பிள்ளை கண்ணைப் பார்த்துப் பேசு. கை கால் வெட்டி இழுத்தாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ யாரையும் கேட்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போ. உனக்கும் இப்போது ஒரு தடவை சர்க்கரை பார்க்க வேண்டும். மெஷின் உங்கள் பீரோவில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உமா மகேஸ்வரி வருவாள். டியூட்டி முடிந்து நேராக உன்னிடம் வரச்சொல்லியிருக்கிறேன், உன் அத்தையிடம் அல்ல. பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையை எப்படிப் பிடிப்பது என்று காட்டுவாள். மெதுவாகப் பேசுகிறவள். எதையும் கேட்கலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம்.

பதில் எழுத உட்காராதே. அவன் தூங்கும்போது நீயும் படு. நீ கூப்பிடாமல் நான் வர மாட்டேன்.

விசாலாட்சி